கடல் இடக்கைப் பக்கம்

கேள்வி: நானும் மனைவியும் பைக்கில் கடலோரமாகவே கன்னியாகுமரி போய், அப்படியே மேற்கே திரும்பி மங்களூர் வரை போகத் திட்டம். எந்த முனையில் தொடங்கலாம்? (வாசகர், சேலம்)

சென்னையில். நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் ஓடுகிறது. கிழக்குக் கரையில் தெற்கே இறங்கினாலும் கடல் இடக்கைப் பக்கம், குமரியில் திரும்பி மேற்குக் கரையில் வடக்கே ஏறினாலும் இடக்கைப் பக்கம்தான். மங்களூரில் தொடங்கினால், எதிரே வரும் லாரிகளின் இடுக்கில்தான் வழி நெடுகக் கடல். சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருகிறவர்களும் இடப்பக்கம் பார்த்துத்தான் உட்காருகிறார்கள். சேலை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் கம்பித் தடுப்பு அந்தப் பக்கம்தானே இருக்கிறது! ஆக, முன்னால் இருப்பவருக்கு ரோடு, பின்னால் இருப்பவருக்குக் கடல். (அதற்காக மங்களூர் வரை ஒருபக்கமாகவே உட்கார வைத்துவிடாதீர்கள். இடுப்பு உங்களைச் சும்மா விடாது.) இன்னொன்று, சென்னையை விட்டதும் ஈ.சி.ஆரில் கண்ணில் படப்போவது கடல் அல்ல, பங்களாக்களின் காம்பவுண்டுச் சுவர். முட்டுக்காட்டுப் பாலத்தில் ஒரு மூச்சு விடலாம். மற்றபடி மரக்காணம் உப்பளம் வரை பொறுமை வேண்டும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? (வாசகி, கரூர்)

ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளத்தில் நனைவீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே நனைவீர்கள். தையும் மாசியும் மிச்சம்.

கேள்வி: பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் அவசியமா? (வாசகர், ஆம்பூர்)

தலை இருக்கிற எல்லோருக்கும். சட்டமும் அதையேதான் சொல்கிறது.

கேள்வி: ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்வது? (வாசகி, திண்டுக்கல்)

பேசாமல் இருப்பது உத்தமம். சிதம்பரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து மனைவி ஏதோ கத்தினார். எனக்கு "பைபாஸ் போச்சு" என்று கேட்டது. "பரவால்ல, ஊருக்குள்ளயே போயிடலாம்" என்று உற்சாகமாகப் பதில் சொல்லிவிட்டு இன்னும் ஆறு கிலோமீட்டர் ஓட்டினேன். அவர் சொன்னது, "பை போச்சு!" திரும்பி வந்து பார்த்தால், ரோட்டில் நெல் காயப்போட்டிருந்த ஓர் அம்மா பையைப் பக்கத்தில் வைத்துக் காவல் இருந்தார். "நெல்லு மேல வண்டிய ஏத்திட்டுப் போன ஆளுதானே நீ?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பையைக் கொடுத்தார். (ஏற்றியது உண்மை. காய்கிற நெல்லில் டயர் வழுக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.) அதிலிருந்து எங்களுக்குள் தோள் பாஷைதான். ஒரு தட்டு என்றால் டீ. இரண்டு தட்டு, வண்டியை நிறுத்து. ஓயாமல் தட்டினால் எதிரே எருமை. இதற்கென்றே ப்ளூடூத் இன்டர்காம் விற்கிறார்கள். வாங்கி மாட்டிய நண்பர், "பைக்ல இருந்த ஒரே நிம்மதியும் போச்சு" என்கிறார்.

கேள்வி: பாம்பன் பாலத்தில் காற்று வண்டியைத் தள்ளுமாமே? (வாசகர், தேனி)

தள்ளும், பக்கவாட்டில். பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேல், 1988-ல் திறந்தது. காற்றைவிட எனக்குப் பயம், ரயில் பாலத்தைப் பார்க்கிற ஆசையில் நட்ட நடுவில் சடாரென்று நிற்கும் கார்கள்தான்.

தாண்டிப் போய்த் தனுஷ்கோடியை விட்டுவிடாதீர்கள். 1964 டிசம்பர் புயல் அடித்துப்போட்ட ஊர். தேவாலயத்தின் சுவர் இன்னும் நிற்கிறது. முன்பு மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு போவோம், 2017 முதல் அரிச்சல்முனை வரை தார் ரோடு. என்னுடைய இடக்கைக் கணக்கு உதைக்கிற இடம் இது ஒன்றுதான், இரண்டு பக்கமும் கடல். போகும்போது இடப்பக்கம் இருப்பது பெண் கடல், அமைதியானது. வலப்பக்கம் ஆண் கடல், சீறும் என்பார்கள். நாங்கள் தை மாதம் போனபோது பெண் கடல் நுரை கக்கிக்கொண்டிருந்தது, ஆண் கடல் குளம் மாதிரி கிடந்தது. பேரை மாற்றி வைத்துவிட்டார்களோ என்றேன். "காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தக் கடல் சீறும். ஆணென்ன, பெண்ணென்ன?" என்றார் மனைவி. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

கேள்வி: கடற்கரை மணலிலேயே பைக் ஓட்டலாமா? (வாசகர், ஓசூர்)

கண்ணூர் பக்கம் முழப்பிலங்காட்டில் ஓட்டலாம். சுமார் நாலு கிலோமீட்டருக்கு மணல் கெட்டித்துக் கிடக்கிறது, கார்களே போகின்றன. ஆனால் அன்று ராத்திரி நீங்கள் குளிக்கிறீர்களோ இல்லையோ, வண்டியை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டிவிடுங்கள். உப்பு முதலில் கடிப்பது செயினை. துடைத்து, எண்ணெய் விட்ட பிறகு சாப்பிடப் போகலாம்.

கேள்வி: பெட்ரோல் செலவைக் குறைக்க வழி? (வாசகர், ஈரோடு)

புதுச்சேரி, காரைக்கால், மாஹி. மூன்றும் ஒரே யூனியன் பிரதேசம், மூன்றும் உங்கள் வழியிலேயே. பக்கத்து மாநிலத்தைவிட வரி குறைவு. மாஹி பங்க்கில் நிற்கிற வரிசையைப் பார்த்தால், பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனதே இதற்காகத்தானோ என்று தோன்றும்.

கேள்வி: பின்னால் உட்கார்ந்த மனைவி தூங்கிவிடுகிறாளே? (வாசகர், விருதுநகர்)

உங்கள் டிரைவிங்குக்குக் கிடைத்த நற்சான்றிதழ். அதை வாங்கிக்கொண்டு அடுத்த டீக்கடையில் வண்டியை நிறுத்துங்கள், விழுந்துவிடப் போகிறார்.

கேள்வி: எப்போதும் மனைவிதான் பின்னாலா? உங்கள் வீட்டில் அவர் ஓட்டவே மாட்டாரா? (வாசகி, கோயமுத்தூர்)

கேட்பீர்கள் என்று தெரியும். தூத்துக்குடியில் சாவியை வாங்கிக்கொண்டார். திருச்செந்தூர் வரை ஒரு நாற்பது கிலோமீட்டர் நான் பின் சீட்டில். உப்பளத்துப் பாத்திகளில் வெயில் பளபளக்கிறது, வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், நடுவில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. அத்தனை நாளும் நான் ஸ்பீட் பிரேக்கரையே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆறுமுகநேரி நெருங்கும்போது முள் எழுபதைத் தொட்டது. "மெதுவா!" என்று கத்தினேன், தோளில் ஓயாமல் தட்டியும் பார்த்தேன்.

"எருமை எதுவும் காணமே!" என்றார்.