சம்பளமில்லாத வேகமானியின் விண்ணப்பம்

அனுப்புநர்: ஒரு பாதசாரி, தேம்ஸ் கரைப் பாதை, கிங்ஸ்டன்.

பெறுநர்: படகு வேகத்துக்குப் பொறுப்பானவர், சுற்றுச்சூழல் முகமை, இங்கிலாந்து.

பொருள்: என்னைக் கேளாமலே என்னை வேகமானியாக நியமித்தது தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா,

டெடிங்டனுக்கு மேலே, கடலின் வற்றுப்பெருக்கு எட்டாத தேம்ஸ் ஆற்றில், படகுகள் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதித்திருக்கிறீர்கள். வாடகைப் படகை ஓட்ட வருகிறவருக்கு அந்த எண் பிடிபடாது என்பதால், ‘விறுவிறுவென்று நடக்கும் ஒருவரின் வேகம்’ என்று விளக்கமும் தந்தீர்கள். அந்த ஒருவர் நான்தான். நியமனக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை.

வேலையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சிக்கல். விறுவிறு நடை என்பது மணிக்கு 6 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். 8 என்றால் ஓட வேண்டும். ஆக, நான் வேர்க்க விறுவிறுக்க ஓடினால் படகுக்காரர் உத்தமர். முழங்கால் வலிக்கிறதென்று வாங்கில் குந்தினால், ஆற்றில் போகிற அத்தனை பேரும் குற்றவாளிகள். வாத்துகள் உட்பட.

இன்னொன்று. இந்த 8 கிலோமீட்டரை நீங்கள் அளப்பது ஆற்றின் அடித்தரையை வைத்து. நீரோட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஓட்டத்தோடு இறங்குகிற படகு தண்ணீரைக் கிழிப்பது 5 கிலோமீட்டர் வேகத்தில். எதிரேறுகிற படகோ 11 கிலோமீட்டரில். இரண்டும் சட்டப்படி சரி. அலைக்கு அடித்தரையைப் பற்றி ஒன்றும் தெரியாது; தண்ணீரில் படகு போகும் வேகமும் அதன் உடல்வாகும்தான் தெரியும். அலையின் உயரம் இரட்டித்தால் அதன் ஆற்றல் நான்கு மடங்கு. கரையின் மண்ணைக் கரைப்பதும், நீரெலியின் வளைக்குள் புகுவதும், கரையோரம் கட்டிய அன்னத்தின் கூட்டை முட்டையோடு நனைப்பதும், கட்டிக் கிடக்கும் படகில் யாரோ ஊற்றிவைத்த தேநீரைக் கவிழ்ப்பதும் அந்த அலைதான்.

எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் பந்தயப் படகைப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊசி போல் போகும்; பின்னால் சின்னச் சலசலப்புதான். நாலு பேர் விருந்துண்ணும் கொழுத்த உல்லாசப் படகு அதில் பாதி வேகத்துக்கு வந்தாலே கரை குளித்துவிடும். அலையெழுப்பிக் கரைக்கும் மற்றவர்களுக்கும் கேடு செய்யக் கூடாது என்றும் நீங்கள் சொல்லித்தான் இருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் பலகையில் பெரிதாக நிற்பது எண். அலை பொடி எழுத்தில்.

இது புதிய வழக்கும் இல்லை. 1889-இல் வெளிவந்த ஜெரோம் கே. ஜெரோமின் படகுப் பயணக் கதையில், நீராவிப் படகுகளைக் கண்டாலே நாயகர்களுக்கு எரிச்சல். வேண்டுமென்றே வழிமறித்து நிற்பார்கள். அது உங்கள் அலுவலகம் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்திய அமலாக்கம். செலவில்லாதது, கொஞ்சம் பலனும் தந்திருக்கும்.

நான் அவ்வளவு தூரம் போகவில்லை. படகுகளை ஏற்றி இறக்கும் மதகடைப்புகள் உங்களிடம் 40-க்கும் மேல் இருக்கின்றன. ஒன்றை விட்டுக் கிளம்பிய நேரத்தையும் அடுத்ததில் நுழைந்த நேரத்தையும் குறித்தால், நடுவே யார் பறந்தார் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. என் முழங்கால் தேவையில்லை. கூடவே, அன்னங்கள் கூடுகட்டும் கரைகளில் அளவுக்கோடிட்ட கம்புகளை நட்டு, எண்ணுக்குப் பதில் அலையைப் பாருங்கள். படகைக் கொடுக்கும்போதே வாடகைக்காரரிடம், ‘அடிக்கடி பின்னால் திரும்பிப் பாருங்கள்’ என்று ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள்.

அதுவரை இந்த வேகமானியே போதும் என்று கருதினால், அதன் வருடாந்தப் பராமரிப்புக்கு ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து அனுப்பிவைக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். அளவு ஒன்பது.

இங்ஙனம்,
கரையில் ஓடிக்கொண்டிருக்கும் கருவி