நைனாவும் நைட் ஷிஃப்ட் குதிரையும்

கோலார் தங்கவயலில் வேலை பார்த்து ரிட்டையரான நைனாக்களை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்; இவர்களுக்குத்தான் இன்னும் ஷிஃப்ட் முடியவில்லை. பெங்களூரில் கரண்ட் போனால், "உங்களுக்கு லைட்டு வந்ததே 1905-ல. எங்களுக்கு 1902-லயே சிவசமுத்திரத்துலேருந்து லைன் வந்தாச்சு" என்பார்கள். மெட்ரோவில் இறங்கினால், "இதெல்லாம் ஒரு ஆழமா?" சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியதுதான்.

மகனுக்கு லண்டனில் வேலை கிடைத்தால் நைனாவுக்கும் விசா வந்துவிடும். முதல் ஞாயிற்றுக்கிழமையே பிரிட்டிஷ் மியூசியம்.

வாசலில் கிரேக்கக் கோயில் பாணியில் 44 தூண்கள். "ராபர்ட் ஸ்மர்க்னு ஒரு ஆர்க்கிடெக்ட் நைனா. ஒவ்வொண்ணும் 14 மீட்டர் உசரம்" என்கிறான் மகன், போனைப் பார்த்து.

"சுரங்கத்துல இறங்குற கேஜ்ல பெல் அடிச்சு நிமிர்றதுக்குள்ள நாங்க அதைத் தாண்டியிருப்போம்."

உள்ளே போக டிக்கெட் கிடையாது. நைனாவுக்கு அது ஆச்சரியமே இல்லை. "அவன் எதுக்குக் காசு வாங்கணும்? கட்டடமே நம்ம தங்கத்துல கட்டினது."

"1823-ல ஆரம்பிச்சு 1850-கள்லயே கட்டி முடிச்சுட்டாங்க நைனா. தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி நம்மூருக்கு வந்ததே 1880-ல."

"அப்போ கடன் வாங்கிக் கட்டியிருப்பான். அதை அடைச்சது யாரு?"

பார்த்தினான் சிற்பக்கூடத்தில் மட்டும் நைனா சற்று அடங்குகிறார். தலையில்லாத தேவதைகளை விறுவிறுவென்று கடந்தவர், ஒரு குதிரைத் தலை முன்னால் நின்றுவிடுகிறார். பிதுங்கிய கண், விடைத்த மூக்கு, தொங்கிப்போன தாடை. கன்னத்தில் நரம்புகூடத் தெரிகிறது. செலீனி என்ற நிலா தேவதையின் தேரை ராத்திரி முழுக்க இழுத்துவிட்டு, விடியும் நேரத்தில் கடலுக்குள் இறங்கும் குதிரை. சுமார் 2,450 வருஷத்துக்கு முந்திய பளிங்கு.

"நைட் ஷிஃப்ட்டுடா இது" என்கிறார் நைனா. "செதுக்கினவன் குதிரையைப் பார்த்துச் செதுக்கலை. காலையில கேஜ்லேருந்து வெளிய வர்றவன் மூஞ்சியைப் பார்த்திருக்கான்."

கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதில் இதைவிடச் சரியான வரியை நான் கண்டதில்லை.

"ஏதென்ஸ்லேருந்து இதை எப்படி வெளிய விட்டாங்க?"

எல்ஜின் பிரபு கதையை மகன் சொல்கிறான்: ஊர் அப்போது துருக்கி சுல்தான் கையில், 1801-லிருந்து பெயர்த்துக் கப்பலேற்றினார், 1816-ல் பிரிட்டிஷ் அரசு 35,000 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

"கேட் பாஸ் இருந்துச்சா?"

"சுல்தான் ஆளுங்க பர்மிஷன் கொடுத்தாங்களாம். ஆனா ஒரிஜினல் இல்லை. இத்தாலிய மொழிபெயர்ப்புதான் இருக்கு."

ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம் வேட்டியை உதறிக் காட்டிப் பழகிய நைனாவுக்கு முகம் சிவந்துவிடுகிறது. "டிபன் பாக்ஸைத் திறந்து, பொடிக்குள்ள விரலை விட்டுப் பார்த்துதான்டா எங்களை வெளிய விடுவான். இவ்ளோ பெரிய குதிரைத் தலை, வெறும் ஜெராக்ஸ்ல போயிருக்கா?"