க்குக்குக் காத்திருத்தல்

1826இல் பிரான்சின் நாந்த் நகரில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர் ஒரு குதிரை வண்டி விட்டார். காசு இருந்தால் யாரும் ஏறலாம். பெயர் ‘ஓம்னிபஸ்’. லத்தீனில் ‘எல்லோருக்கும்’ என்று பொருள். இதில் ‘ஓம்னி’தான் ஆள். ‘பஸ்’ வெறும் நான்காம் வேற்றுமை உருபு, நம்மூர் ‘கு’. 1829இல் ஷில்லிபியர் என்பவர் இதை லண்டனுக்குக் கொண்டுபோக, வெள்ளைக்காரர்கள் தலையை வெட்டி எறிந்துவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆக, ‘பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்’ என்பதை ஒழுங்காகத் தமிழாக்கினால், ‘க்குக்குக் காத்திருக்கிறேன்’.

காரியாபட்டிக்காரர்களான நாங்கள் காலங்காலமாகச் செய்துவருவது இதைத்தான். மதுரை மாட்டுத்தாவணியில், எங்கள் ஊர்ப் பக்கமாகப் போகும் தூத்துக்குடி வண்டியின் படியில் கால் வைத்தால் கண்டக்டர் கத்துவார்: “காரியாபட்டி ஏறாத! அருப்புக்கோட்டை மட்டும் ஏறு!” ஊரே பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதுபோல. இடவாகுபெயருக்கு இதைவிட நல்ல உதாரணத்தை எந்தத் தமிழ் வாத்தியாரும் தந்ததில்லை.

“அண்ணே, பைபாஸ்லயே இறங்கிக்கிறேன்.”

“அப்ப அருப்புக்கோட்டைக்கு டிக்கெட் எடு.”

நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை என்று பொருள்களை அடுக்குகிறது நன்னூல். போத்ரி கொடையில் தொடங்கினார். இந்தக் கண்டக்டர் பகையில் இருக்கிறார். போத்ரியின் உண்மையான வாரிசு சிவகாசிப் பக்கம் விடியுமுன் ஊர் ஊராக நுழையும் பட்டாசு ஆலை பஸ்தான். ஒரு அக்கா தூக்குவாளியோடு ஓடிவந்தாலும் அது நிற்கும்.

வெட்டிய தலைக்குத் தமிழ்நாட்டில் மறுவாழ்வு கிடைத்திருக்கிறது: ஆம்னி பஸ். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, டிரைவர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி செய்த எந்த வண்டியும் ஆம்னிபஸ்தான். நாமோ ஏசி, ஸ்லீப்பர், ஜன்னல் திரை என்று அதைப் பெரிய இடமாக்கிவிட்டோம்.

லத்தீனில் ஒரு வில்லங்கம் உண்டு. ‘ஓம்னிபஸ்’ என்ற அதே வடிவம் ‘எல்லோரிடமிருந்தும்’ என்றும் பொருள்படும். வருடம் முழுக்க நான்காம் வேற்றுமையாக ஓடும் வண்டி, தீபாவளிக்கு முந்தின வாரம் சத்தமில்லாமல் ஐந்தாம் வேற்றுமைக்கு மாறிவிடுகிறது. நீங்கல் பொருளில். நீங்குவது போனஸ்.

போன தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்த மச்சானை ஆம்னிக்காரரும் பைபாஸில்தான் இறக்கிவிட்டார். நடந்தே வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மாப்ள, இந்த டிக்கெட் காசுக்கு சிவகாசியில ரெண்டு கிஃப்ட் பாக்ஸ் வாங்கிருக்கலாம்ல?”