சந்தா கட்டலாமா, நிறுத்தலாமா?

கல்லூரி முதல்வர், மதுரை: ஆய்வுக் கட்டுரைகளைத் தேடக் கூகுள் ஸ்காலர் இலவசமாகக் கிடைக்கிறதே. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற சந்தா தளங்களுக்கு எதற்குப் பணம்?

ஒரு கட்டுரை வேண்டுமென்றால் கூகுள் ஸ்காலர் போதும். ஒரு பொருளில் வந்த அத்தனையும் வேண்டுமென்றால் போதாது. எதைத் தேடினாலும் 1000 முடிவுகளுக்கு மேல் அது காட்டுவதில்லை. இன்று கிடைத்த வரிசை நாளை அப்படியே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்ப்பவருக்கு இது ஆபத்து.

நூலகர், திருச்சி: பட்ஜெட்டில் கை வைக்கச் சொல்கிறார்கள். எதை முதலில் நிறுத்துவது?

யாரும் தேடுவதற்குத் திறக்காததை. ரேங்குக்காக வாங்கினோம் என்றால், அந்தக் காரணமே நிற்காது. கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். உங்கள் கட்டுரைக் கணக்கை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் சந்தா கட்டாவிட்டாலும் கட்டுரைகள் எண்ணப்படும்.

வேதியியல் பேராசிரியர், கோவை: எங்கள் துறைக்கும் அதே தீர்ப்பா?

இல்லை. உங்களுக்குச் சந்தா தொடர வேண்டும். வேதியியல் கட்டுரைகளைத் தொகுக்கும் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் 1907-ல் தொடங்கியது. அதன் பதிவேட்டில் 20 கோடிக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. மூலக்கூறின் அமைப்பை வரைந்தே தேடலாம், காப்புரிமைகளும் அகப்படும். யாரோ எப்போதோ செய்துமுடித்த சேர்மத்துக்காக ஒரு மாணவர் இரண்டு வருடம் உழைப்பது சந்தாவைவிடப் பெரிய நஷ்டம்.

மருத்துவ மாணவி, வேலூர்: மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் மட்டும் எப்படி இலவசம்?

அமெரிக்க மக்களின் வரிப்பணம். அந்நாட்டுத் தேசிய மருத்துவ நூலகம் 1997 முதல் உலகுக்கே திறந்து வைத்திருக்கிறது. நம் நாட்டிலும் அரசு நிறுவனமான இன்ஸ்டாக் 1965-ல் இந்தியன் சயின்ஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸைத் தொடங்கியது. அந்த வேலையை இன்றைய தேவைக்கு ஏற்ப வளர்ப்பது அரசின் கடமை.

ஆய்வு மாணவர், சென்னை: பெரிய இடங்கள் ஏதாவது சந்தாவை நிறுத்தியிருக்கின்றனவா?

பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகம் 2024-ல் வெப் ஆஃப் சயின்ஸை விட்டு, 2022-ல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த தளத்தின் பக்கம் போனது. அந்தத் தளத்தின் தரவை யாரும் எடுத்து ஆராயலாம், திருத்தம் சொல்லலாம். ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் கொண்ட இருவரின் கட்டுரைகள் ஒன்றாகக் கலந்துவிடுவது அதன் குறை. நம் ஊரில் இது அதிகம் நடக்கும். இன்றே, ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் ஒன்றை வாங்கி, எல்லாக் கட்டுரையிலும் போடுங்கள்.

பேராசிரியர், சேலம்: ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்துவிட்டதே. இன்னும் தேடல் தளம் எதற்கு?

மூன்றாண்டுக்கு 6000 கோடி ரூபாயில் சுமார் 13,000 இதழ்களைத் திறக்கும் திட்டம் அது. கதவு திறந்தால் போதுமா? உள்ளே எது எங்கே என்று தெரிய வேண்டாமா? இதழ்கள் பெருகப் பெருகத் தேடலின் தேவையும் பெருகும்.

தமிழ் ஆய்வாளர், தஞ்சாவூர்: இந்தத் தளங்களில் தமிழ்க் கட்டுரைகளைக் காணோமே?

ஆங்கில இதழ்களுக்கே அங்கே முதலிடம். நிறுத்திய சந்தாவில் மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கை, தமிழ் ஆய்விதழ்களுக்குப் பொருளட்டவணை தயாரிக்க ஒதுக்குங்கள். ஆசிரியர், தலைப்பு, பொருள், ஐந்து வரிச் சுருக்கம் போதும். பல நூலகங்கள் சேர்ந்து பங்கிட்டால் நடக்கும்.

நூலகவியல் மாணவி, நெல்லை: சந்தாவை மதிப்பிட ஒரே ஓர் அளவுகோல் சொல்லுங்கள்.

1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் அதை 1931-லேயே தந்துவிட்டார். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது அவருடைய நூலகவியல் விதிகளில் நான்காவது. சேமிக்கும் தளத்துக்குக் கடன்பட்டாவது கட்டுங்கள். சேமிக்காததை இந்த ஆண்டே நிறுத்துங்கள். ஆனால், எது சேமிக்கிறது என்பதை வாசகரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். விற்க வருபவரிடம் கேட்டல்ல.