12,000 தடவையும் 30 தடவையும்

உலகின் முதல் மரபணு ஆய்வுக்கூடம் எங்கே இருந்தது? கேம்பிரிட்ஜ் என்பார்கள், கலிஃபோர்னியா என்பார்கள். ஆழ்வார்திருநகரியில் ஒரு புளியமரத்தடியில் என்று சொன்னால் ஸ்ரீரங்கத்தில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். விஞ்ஞானியின் பெயர் நாதமுனிகள்.

குருபரம்பரைக் கதைதான். காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த யாத்ரிகர்கள் நம்மாழ்வாரின் 10 பாசுரங்களைப் பாடினார்கள். மொத்தம் ஆயிரம் என்ற தகவல் பாட்டிலேயே இருந்தது. "மீதி 990 எங்கே ஸ்வாமி?" என்றார் நாதமுனிகள். "அடியோங்களுக்கு வருவது இவ்வளவுதான்" என்று அவர்கள் நடையைக் கட்டிவிட்டார்கள். இவர் விடவில்லை. குருகூர், அதாவது ஆழ்வார்திருநகரி, போனார். 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' பாசுரங்களை 12,000 தடவை சொல்லும், கிடைக்கும் என்றார்கள். சொன்னார். ஆயிரம் கேட்டவருக்கு நாலாயிரம் கிடைத்தது. அதை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்து, பண் அமைத்து, மருமகன்கள் இருவர் மூலம் பாட வைத்தார். அரையர் சேவை இன்றும் நடக்கிறது. கையில் இருக்கும் சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் முழுச்சுவடியும் கிடைக்கும் என்ற விதி இப்படி நிரூபணமாயிற்று. அப்புறம் ஆயிரம் வருஷம் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

1923ல் டெக்சஸ் பேராசிரியர் தியோஃபிலஸ் பெயின்டர் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்து, மனித செல்லில் குரோமோசோம் 48 என்று அறிவித்தார். ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடப்பதை எண்ணுவது லேசில்லைதான். ஆனால் பெரியவர் வாக்கு அல்லவா? பின்னால் எண்ணியவர்களுக்கும் 48தான் வந்தது. 46 வந்தவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணியிருக்க வேண்டும். 1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ பளிச்சென்று படம் எடுத்துப் பார்த்தார். 46. அடுத்த வருஷம் கட்டுரை வந்தது. ஆக, 33 வருஷம் மனித குலம் ஆளுக்கு இரண்டு குரோமோசோமை உபரியாக வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறது.

மனிதனை எண்ணவிட்டால் இதுதான் கதி. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்த ரங்கராஜன் என்பவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்குவதில் முக்கியப் பங்கு வகித்தது சும்மா இல்லை. சுஜாதா என்ற பெயரில் கதையும் எழுதினார்.

அந்தக் கால ஆய்வுக்கூடத்தில் திரவங்களைக் கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சித்தான் அளப்பார்கள். ஒரு மடக்கு கூடிப்போனால் ஆராய்ச்சி வயிற்றில் தொடரும். ஜெர்மனியின் மார்புர்க்கில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் இதில் வெறுத்துப்போய், 1957ல் கட்டைவிரலால் அழுத்தும் பிப்பெட்டைச் செய்தார். குரோமோசோம் போட்டோவை என்ன செய்தார்கள் என்கிறீர்களா? கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, ஜோடி பார்த்து, அட்டையில் கோந்து போட்டு ஒட்டினார்கள். தும்மல் வந்தால் போச்சு.

1983ல் கேரி மல்லிஸ், ராத்திரி கார் ஓட்டிப் போகும்போது நாதமுனி விதியை மறுபடி கண்டுபிடித்தார். பிசிஆர் என்று பெயர். டிஎன்ஏ துண்டைச் சூடாக்கு, ஆறவை, நகலெடு, மறுபடி சூடாக்கு. ஒவ்வொரு சுற்றிலும் சரக்கு இரட்டிப்பாகும். யோசனை பிரமாதம், ஆனால் செய்வது யார்? ஒருவர் ஸ்டாப்வாட்சும் கையுமாக, சோதனைக் குழாயை வெந்நீர்த் தொட்டிக்கும் ஆறின தொட்டிக்கும் மணிக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருப்பார். நகலெடுக்கும் நொதி சூட்டில் செத்துப்போவதால் சுற்றுக்கொரு தடவை புதிதாக ஊற்ற வேண்டும். யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் நொதி சூட்டைத் தாங்கியது. தொட்டிகளின் வேலையை ஒரு பெட்டி எடுத்துக்கொண்டது. 12,000 தடவை வேண்டாம். 30 தடவையில் 100 கோடி நகல். மல்லிஸுக்கு 1993ல் நோபல் பரிசு. தொட்டி மாற்றியவருக்கு முதுகுவலி.

மனித மரபணுத்தொகுதியைப் படிக்க 1990ல் உட்கார்ந்தார்கள். கணக்கு, சுமார் 300 கோடி டாலர். 2000 ஜூன் 26 அன்று வெள்ளை மாளிகையில் கிளின்டன் முதல் வரைவு முடிந்தது என்றார். 2003ல் பூர்த்தி என்றார்கள். உண்மையில் பூர்த்தியானது 2022ல். ராஜகோபுரம் நூற்றாண்டுக்கணக்கில் மொட்டையாக நின்று 1987ல் 236 அடியாக நிமிர்ந்ததைப் பார்த்த ஸ்ரீரங்கவாசிகளுக்கு இதெல்லாம் ஒரு தாமதமா?

இதற்கிடையில் 1997 கோடையில் கேம்பிரிட்ஜில் ஒரு மதுக்கடை. சென்னையில் பிறந்து கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போன சங்கர் பாலசுப்ரமணியனும் டேவிட் கிளெனர்மனும் பியரும் கையுமாகப் பேசினார்கள். முனிவர் தவமிருந்தார், இவர்களுக்குப் பியர் போதுமாக இருந்தது. கண்ணாடித் தகட்டில் துண்டுகளை ஒட்டிவைத்து, ஓரெழுத்து சேரும்போதெல்லாம் நிறம் ஒளிர, கேமரா படம் பிடித்துக்கொள்ளும். கோடிக்கணக்கான துண்டுகளும் ஒரே சமயத்தில். 13 வருஷ வேலை ஓரிரு நாளாகச் சுருங்கியது. செலவு ஆயிரம் டாலருக்குக் கீழே வந்துவிட்டது.

இயந்திரம் நம்மூர்ப் பக்கமும் திரும்பியது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் முதலியோர் 2009ல் சொன்னது: இந்தியச் சமூகங்கள் அநேகமாக எல்லாமே இரண்டு பூர்வ மரபுகளின் கலவை. ஒன்றுக்கு வட மரபு, இன்னொன்றுக்குத் தென் மரபு என்று பெயர் வைத்தார்கள். நாமத்துக்காகக் கோர்ட் படி ஏறிய ஊர்களுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது: எல்லோருமே கொஞ்சம் வடகலை, கொஞ்சம் தென்கலை. கலப்பு சுமார் 1,900 வருஷத்துக்கு முன்வரை நடந்திருக்கிறது. அப்புறம்தான் கதவைச் சாத்திக்கொண்டோம்.

சாத்தியதற்கு விலை உண்டு. 2017ல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்ததில், 81 சமூகங்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகியவை என்று தெரிந்தது. இப்படிப்பட்ட இடத்தில், அப்பா அம்மா இருவரிடமும் ஒளிந்திருக்கும் குறை பிள்ளையிடம் நோயாக வெளிப்பட வாய்ப்பு அதிகம். மாமன் மகள், அக்காள் மகள் என்று முறை பார்த்துக் கட்டினால் இன்னும் அதிகம்.

ஆகவே பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பத்துப் பொருத்தமும் பாருங்கள், கோத்திரமும் கேளுங்கள், யார் வேண்டாம் என்றது? கூடவே ஒரு மரபியல் ஆலோசகரையும் பாருங்கள். கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதும். எண்ணுகிற வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.