மூத்தோரைப் போற்றும் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கிக் கழகத்து நிர்வாகஸ்தர்கள் சமுகத்துக்கு, ஸ்காபரோவில் வசிக்கும் தமிழ் ரசிகன் ஒருவன் உபயகுசலோபரி எழுதிக்கொள்வது.

வீரர்களைப் பரிவர்த்தனை செய்வதற்கு தேசிய ஹொக்கி லீக் விதித்த மார்ச் மாதக் கெடு நெருங்க நெருங்க, முப்பது வயதைக் கடந்த ஏதோவொரு நட்சத்திர வீரரின் நாமம் இந்நகரத்துப் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்குவதும், அவருக்கு ஈடாக எதைக் கொடுக்கலாம், யாரைக் கொடுக்கலாம் என்னும் தர்க்கம் கோப்பிக்கடை தோறும் மூளுவதும், ஈற்றில் தாங்கள் ஒரு சுபதினத்தில் அவரை அழைத்துவந்து நீலச் சட்டை அணிவித்து, இந்த வசந்தத்தில் ஸ்டான்லி கிண்ணம் நமதே என்று குறிப்பாற் புலப்படுத்துவதும், இங்கே ருதுக்கள் மாறுவதைப் போன்றே தவறாது நிகழ்ந்துவரும் காரியங்கள். இவற்றைக் கண்டு பலரும் தங்களை நிந்திக்கிறார்கள். அடியேன் தங்களைப் புகழவே பேனா எடுத்தேன்.

மூத்தோரை வணங்குதலைப் பரம்பரைத் தர்மமாகக் கொண்டது எங்கள் சமூகம். ஊரையும் காணியையும் விட்டு இப்பனிதேசத்துக்கு வந்தபின் அத்தர்மம் க்ஷீணித்துப் போயிற்றே என்று எங்கள் சங்கங்களின் வருடாந்தக் கூட்டங்களிலே மேடையேறி அங்கலாய்க்கும் பெரியவர்கள், பக்கத்திலேயே இருக்கும் தங்கள் கழகத்தை ஒருமுறையேனும் கண்ணெடுத்துப் பார்த்தாரில்லை. பார்த்திருந்தால், பிற ஊர்களிலே தம் பெரும்பணியை ஆற்றி முடித்துக் களைத்துவந்த மகான்களுக்கு அந்திமகாலத்தில் நிழல் கொடுத்து, அவர்களைத் தந்த ஊராருக்கு இன்னும் மீசை அரும்பாத பாலகர்களைத் தட்சிணையாக அளிக்கும் ஒரு ஸ்தாபனம் இங்கேயே உளதென்று கண்டு ஆறுதல் அடைந்திருப்பார்கள்.

இப்பக்திக்கு மூலஸ்தானம் எது என்று ஆராயின், அது 1967 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் திகதி என்று விளங்கும். அன்றைக்குத்தான் தங்கள் அணி மொன்றியலை ஆறாவது ஆட்டத்தில் வென்று ஸ்டான்லி கிண்ணத்தைக் கடைசியாக ஏந்தியது. அவ்வணியில் கோல்காவலர் ஜொனி பவருக்கு வயது 42; அலன் ஸ்டான்லிக்கு 41; றெட் கெலிக்கு 39; டெரி சோச்சக்குக்கும் டிம் ஹோர்ட்டனுக்கும் 37; அணித் தலைவர் ஜோர்ஜ் ஆம்ஸ்ட்ரோங்குக்கு 36. லீக்கில் அந்நாளில் 6 அணிகளே இருந்தன என்பதும், அடுத்த பருவத்திலேயே அவை 12 ஆகி இன்று 32 ஆக விரிந்துவிட்டன என்பதும் வேறு யாருக்கேனும் ஐயத்தை எழுப்பியிருக்கக்கூடும். தாங்களோ, நரைமயிர் இருந்த வீட்டுக்குக் கிண்ணம் வந்ததாகையால் நரைமயிரைச் சேர்த்தாற் கிண்ணம் வரும் என்று அநுமானப் பிரமாணத்தைக்கொண்டு நிச்சயித்து, அன்றுதொட்டு அதிற் பிறழாது ஒழுகிவருகிறீர்கள்.

சில திருப்பணிகளை மாத்திரம் ஈண்டு நினைவுகூர்கிறேன். 1985 இல் வாலிபர் தெரிவின்போது தாங்களே முதலாமவராகத் தெரிந்தெடுத்து, பின்பு தலைவர் பதவியும் அளித்து, 1994 இற் கியூபெக்குக்கு அனுப்பிவைத்த வெண்டெல் கிளார்க்கை, பிரிவாற்றாமையால் 1996 மார்ச்சில் நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணியிடமிருந்து மீளப் பெற்றீர்கள். அதற்குக் கொடுத்தவற்றுள் 1997 ஆம் ஆண்டின் முதற் சுற்றுத் தெரிவும் ஒன்று. அஃதாவது, 18 வயதை எட்டும் வாலிபர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் அச்சடங்கில், முதற் சுற்றில் ஒருவரைப் பெறுவதற்குத் தங்களுக்கு இருந்த உரிமை. அவ்வுரிமை நான்காம் இடத்தில் வந்து விழ, ஐலண்டர்ஸ் அணியார் அதைக்கொண்டு றொபேர்ட்டோ லுவாங்கோ என்னும் கோல்காவலரை எடுத்துக்கொண்டார்கள். அவரும் ரொறன்ரோவுக்கு வராமற் போய்விடவில்லை. 2022 இல் வந்தார், தங்கள் மைதானத்துக்கு அல்ல, இந்நகரத்திலேயே இருக்கும் ஹொக்கிப் புகழ் மண்டபத்துக்கு.

2003 மார்ச்சில், முன்னாள் தலைவர் டக் கில்மர் 39 ஆம் வயதில் மொன்றியலிலிருந்து திரும்பிவந்து, கல்கரியில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே முழங்கால் சேதமுற்று, அத்துடன் ஆட்டவாழ்வை முடித்துக்கொண்டார். ஆனால் அவருக்குக் கொடுத்தது ஓர் ஆறாம் சுற்றுத் தெரிவே. அன்புக்குச் செலுத்திய அவ்வற்ப விலையைப் பற்றிக் குறைசொல்வது கல்நெஞ்சர் வேலை.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது பெருவிழா. நியூயோர்க் றேஞ்சர்ஸ் அணிக்கு 1994 இற் கிண்ணம் வென்று கொடுத்து, அத்தொடரின் சிறந்த வீரர் என்னும் விருதைப் பெற்ற முதல் அமெரிக்கர் பிறையன் லீச், தமது 36 ஆவது பிறந்தநாளாகிய 2004 மார்ச் 3 ஆம் திகதி அன்றே தங்கள் கைக்கு வந்தார். ஒரு முதற் சுற்றுத் தெரிவும் ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவும் இரண்டு இளைஞர்களும் அதற்கு விலையாயினர். அவர் ஆடிய 15 ஆட்டங்களில் 15 புள்ளிகள் ஈட்டினார். கிண்ணத்துக்கான வெளியேற்றச் சுற்றுகளில் மேலும் 13 ஆட்டங்கள் ஆடினார். ஒட்டாவாவை வென்ற அணி பிலடெல்பியாவிடம் வீழ்ந்தது. அப்பால், சம்பள உச்சவரம்பு பற்றி உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் மூண்ட பிணக்கினால் அடுத்த பருவம் முழுவதுமே இல்லாமற் போயிற்று. அவரது ஒப்பந்தமும் கழிந்தது. அவர் பொஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆக, தாங்கள் வாங்கியது 28 ஆட்டங்கள்.

நீதி தவறலாகாது, ஆதலால் தங்கள் பக்கத்து வக்கீல் சொல்லக்கூடியதையும் நானே சொல்லிவிடுகிறேன். லீச்சுக்காகக் கொடுக்கப்பட்ட அவ்விரு இளைஞரும் பிற்காலத்திற் பெரும்புகழ் எய்தினாரல்லர். முதற் சுற்றின் கடைசி இடங்களில் எடுக்கப்படும் வாலிபர்கள் பலர் பெயர் தெரியாமலே மறைந்துபோகிறார்கள் என்பதும் மெய்யே. வருவானோ வாரானோ என்றிருக்கும் ஒரு பாலகனைக் கொடுத்து, வந்தே நிற்கும் ஒரு வீரனைப் பெறுவது மதியீனமன்று. அப்படியாயின் குறை எங்கே இருக்கிறது? கொடுக்கும் விலையில் அன்று. பெறும் பொருளின் ஆயுளில் இருக்கிறது. கலியாண வீட்டுக்கு இரவல் நகை அணிந்து போவோர் எங்களிலும் உண்டு. ஆயினும் விருந்து முடிந்து நகையைத் திருப்பிக் கொடுக்குமிடத்து, அதற்காக ஈடுவைத்த காணியும் கூடவே போய்விடும் என்றால் எவள் அந்நகையைக் கழுத்தில் ஏற்றுவாள்? தங்கள் இரவலிலோ நகையும் போகிறது, காணியும் போகிறது.

2023 பெப்ரவரியில் வந்த றையன் ஓறைலியின் கதையும் இதுவே. சென்ற் லூயிஸ் அணியின் தலைவராயிருந்தவர். 2019 இல் அவ்வூருக்குக் கிண்ணம் வென்று கொடுத்துச் சிறந்த வீரர் விருதும் பெற்றவர். அவர் வந்த வசந்தத்தில் தாங்கள் டம்பா பே அணியை வென்று, 2004 க்குப் பின் முதன்முறையாக ஒரு சுற்றைக் கடந்தீர்கள். நகரமே வீதிக்கு இறங்கி ஆடியது. அம்மகிழ்ச்சிக்கு ஒரு முதற் சுற்றுத் தெரிவு தகும் என்று வாதிப்போருடன் நான் வழக்காடேன். அடுத்த சுற்றில் புளோரிடா ஐந்தே ஆட்டங்களில் தங்களை வீட்டுக்கு அனுப்பியது. ஜூலை முதலாந் திகதி ஓறைலி நாஷ்வில்லுக்குப் போனார். அவரை அழைத்துவந்த பொது முகாமையாளர் கைல் டுபாஸ் அதற்கு முன்னரே, மே மாதத்திலேயே, தங்கள் கழகத்தைவிட்டு நீங்கியிருந்தார்.

இங்கேதான் தங்கள் தர்மத்தின் மிகச் சூக்ஷ்மமான அம்சம் வெளிப்படுகிறது. வாங்குபவர் ஒருவர், கடன் செலுத்துபவர் இன்னொருவர். 2017 கோடையில், 37 வயதான பற்றிக் மார்லோவுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம், ஆண்டொன்றுக்கு 62.5 இலட்சம் டொலர் கணக்கில், அப்போதைய பொது முகாமையாளர் லூ லாமொரியெலோ அளித்தார். மறு ஆண்டு அவர் அப்பதவியில் இல்லை. 2019 இல், இளம் வீரர்களுக்குச் சம்பளங் கொடுக்க உச்சவரம்புக்குள் இடம் போதாமையால், மார்லோவை ஏற்றுக்கொள்ளும்படி கரோலைனா அணியை வேண்டி, அவருடன் ஒரு முதற் சுற்றுத் தெரிவையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். கரோலைனா அப்பெரியவரின் மீதி ஒப்பந்தத்தைப் பணங் கொடுத்துத் தீர்த்து விடுவித்துவிட்டு, அத்தெரிவைக்கொண்டு சேத் ஜாவிஸ் என்னும் துடிப்பான முன்னிலை வீரனை எடுத்துக்கொண்டது. மூத்தோர் வரும்போது வரிசை வைப்பது எங்கும் உள்ள வழக்கம். போகும்போதும் வரிசை வைத்து அனுப்பிய பெருமை தங்களையே சாரும்.

மூத்த நட்சத்திரத்தை வாங்கிக் கிண்ணம் வென்றவரே இல்லையோ எனின், உளர். 21 பருவங்கள் பொஸ்டனுக்கு உழைத்தும் கிண்ணத்தைத் தொடாத ரேய் போர்க், 2000 மார்ச் 6 ஆம் திகதி கொலராடோவுக்கு அனுப்பப்பட்டார். 2001 ஜூன் 9 ஆம் திகதி நியூ ஜேர்சியை ஏழாவது ஆட்டத்தில் வென்றபோது, தலைவர் ஜோ சாக்கிக் கிண்ணத்தைத் தாம் உயர்த்தாமல் முதலில் அந்த 40 வயது வீரரின் கையிற் கொடுத்தார். அக்காட்சியைத் தங்கள் ஆலோசனை மண்டபத்துச் சுவரில் மாட்டி வைத்திருப்பீர்கள் என்றே ஊகிக்கிறேன். ஆனால் அப்படத்துக்குக் கீழே ஒரு வாக்கியம் எழுதப்பட வேண்டும்: அவர் வந்த முதல் வசந்தத்தில் கொலராடோ டலாஸிடம் தோற்றது. அவர் மறுபருவம் முழுவதும் அங்கே தங்கி ஆடினார். அப்போதுதான் கிண்ணம் வந்தது. அவ்வணியிலோ சாக்கிக், போர்ஸ்பேர்க், பற்றிக் றுவா ஆகிய மூவரும் ஏற்கெனவே இருந்தார்கள். கோபுரம் எழுந்து நின்ற பின்பே அவர்கள் கலசம் தேடினார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன்? தங்கள் சொந்தச் சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஆனால் அது தாங்கள் எண்ணியதைச் சொல்லவில்லை. மேலே வயது சொல்லி வணங்கிய 1967 ஆம் ஆண்டு அணியை இன்னொருமுறை பாருங்கள். ஹோர்ட்டனும் ஆம்ஸ்ட்ரோங்கும் தங்கள் கழகத்திலேயே வளர்ந்து ஆளானவர்கள். பவரும் ஸ்டான்லியும் 1958 முதல் இங்கே இருந்தவர்கள். சோச்சக் 1964 இல் வந்தவர். றெட் கெலியைத் தாங்கள் 1960 பெப்ரவரியில், டெட்றொயிற்றிடமிருந்து மார்க் றீயோம் என்ற ஒரேயொரு வீரரைக் கொடுத்துப் பெற்றீர்கள். அப்போது அவருக்கு 32 வயது. அவரது காலம் முடிந்துவிட்டதென்று டெட்றொயிற் கருதியிருந்தது. தற்காப்பு வீரராயிருந்தவரை நடு முன்னிலைக்கு மாற்றி, ஏழு ஆண்டுகள் வைத்திருந்து, நான்கு கிண்ணங்களை வென்றீர்கள். இடையில் அவர் யோர்க் வெஸ்ட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் கடமையாற்றினார். ஓர் ஊரிலே வேரூன்றி நிற்பதற்கு அதனினும் மேலான அத்தாட்சி வேண்டுவதில்லை. ஆகவே அம்முதியோர் தலையிலே கண்ட நரை, சந்தையில் வாங்கிய நரையன்று. அவர்களிற் பெரும்பாலோர் இவ்வீட்டிலேயே நரைத்தவர்கள்.

ஆதலால் அடியேன் விண்ணப்பித்துக்கொள்வதாவது: இனி ஒரு மூத்த நட்சத்திரத்துக்குச் சட்டை அணிவித்துப் பத்திரிகையாளர் முன் நிறுத்தும் தினத்தில், அவர் பக்கத்திலே ஒரு வெறும் நாற்காலியையும் இட்டு, அதற்கு மாலை சூட்டுங்கள். விலையாகப் போன அவ்வாலிபன் யாரென்று யாருமே அறியாராகையால், அவனுக்குரிய மரியாதையை நாற்காலிக்கே செய்துவிடலாம். அவ்வாலிபன் 25 வயதை அடையும்வரை, கையொப்பமிட்ட முகாமையாளர் தம் பதவியைவிட்டு நீங்கலாகாது என்றும், நீங்கினால் அந்த நாற்காலியைத் தம்முடனே எடுத்துச் செல்ல வேண்டும் என்றும் கழகத்தின் யாப்பிலே ஒரு விதி சேர்த்தருளுங்கள். வரப்போகும் பெரியவரிடமோ ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: ஐயா, தாங்கள் இங்கே வீடு வாங்குவீர்களா, அல்லது ஹோட்டலில் அறை எடுப்பீர்களா?

வீடு என்று அவர் சொல்வாராயின் ஒரு முதற் சுற்றுத் தெரிவென்ன, இரண்டைக்கூடக் கொடுங்கள். நான் மறுவார்த்தை பேசேன். ஹோட்டல் என்பாராயின், அறை வாடகையை மாத்திரம் கொடுத்து, அவர் உடல்நலம் விசாரித்து, மரியாதையோடு அனுப்பிவிடுங்கள். மூத்தோரைப் போற்றுதற்கு அதுவே போதும்.

இங்ஙனம்,
கிண்ணத்தையல்ல, கணக்கை மாத்திரம் பார்த்துக்கொண்டிருக்கும்
தங்கள் விசுவாசமுள்ள ரசிகன்