தொடக்ககாலப் புல்லட்டின் மூலபாடமும் இடைச்செருகல்களும்

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலின் கல்வெட்டுக்கு மைப்படி எடுத்த அறிஞர் உலகம், ஆர்டிஓ அலுவலக வாசல்களில் நடக்கும் இன்னொரு படியெடுப்பை இதுவரை கண்டுகொள்ளவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டுவதற்காகச் சேசிஸ் எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கிறார்களே, அதுவும் மைப்படிதான். ஆகவே விழுப்புரம், திண்டிவனம் பட்டறைகளில் புத்துயிர் பெறும் பழைய புல்லட்டுகளையும் பாட ஆராய்ச்சி முறைப்படியே அணுக வேண்டும். அப்படி அணுகினால் கிடைக்கும் முடிவு இது: குறையே தென்படாத வண்டிதான் முதலில் சந்தேகிக்கத் தக்கது.

என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னையில் 1955ல் உருவானது. இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டுவதே அதன் தொடக்க வேலை. உள்ளூர்ப் பாகங்கள் படிப்படியாக நுழைந்து, 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. இடைப்பட்ட ஆண்டுகளின் மூலபாடமே கலப்புப் பாடம் என்பது இதனால் பெறப்படும். 1958ஆம் ஆண்டு வண்டியை நட்டு முதல் விளக்கு வரை ரெட்டிச்சாகவே ஜோடிப்பவர் பதிப்பாசிரியர் அல்லர். புதிய காப்பியம் பாடுகிறவர். போதாக்குறைக்கு 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி என்ற அளவு பல பத்தாண்டுகள் மாறவே இல்லை. பிற்கால உதிரி பலவும் முற்கால வண்டியில் முணுமுணுக்காமல் உட்கார்ந்துகொள்ளும். இடைச்செருகலுக்கு இதைவிடத் தோதான நூல் தமிழில்கூட இல்லை. இந்நிலையில் நம்பத்தக்க சான்று, தலை மழுங்கிய நட்டுதான். பழைய புல்லட்டின் மரை ஆங்கிலேய அங்குலக் கணக்கு. அதில் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் ஆறு முனையும் வழுக்கி உருண்டுவிடும். உருண்ட நட்டு ஒரு பழைய மெக்கானிக்கின் கையெழுத்து. முனை மழுங்காமல் பளபளக்கும் நட்டோ கடைக்காரரின் ரசீதைத் தவிர வேறெதற்கும் ஆதாரமாகாது.

ஆர்சி புத்தகம் இருக்கிறதே என்பார்கள். அது எண்ணுக்குச் சாட்சி சொல்லும், மட்கார்டுக்குச் சொல்லாது. நம்பர் பிளேட்டோ பிற்காலச் சான்று. மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது 1969ல். 1958 வண்டியில் டிஎன் 32, டிஎன் 16 என்று இருந்தால் வண்டி பொய்யென்று ஆகாது, பலகை பிந்தியது என்றே ஆகும். ஓடினால் போதாதா என்பது மூன்றாவது தடை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய்ச் சேர மொபெட்டே போதும், புல்லட் எதற்கு? 2021ல் வந்த மத்திய அரசு விதியும் ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டியையே விண்டேஜ் என ஏற்கிறது. எனவே ஒவ்வொரு பழைய புல்லட்டுக்கும் பாடபேதப் பட்டியல் ஒன்று இணைக்கப்பட வேண்டும்: எந்த உதிரி, எந்தக் காலம், யார் கைவேலை. அந்தப் பட்டியலை வெறுந்தாளாக நீட்டும் உரிமையாளரை, வண்டியோடு சேர்த்து, பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிடலாம்.